காலி நகரில் ஒரு சால்சா இரவு: முதல் முறை போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

லத்தீன் அமெரிக்க ஜோடி நடனமான சால்சா ஆடத் தெரியாமல் கொலம்பியாவின் காலி நகருக்குப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். ஆனால் அந்தப் பாட்டுகளைக் கேட்டே பழகாமல் போகக் கூடாது. காது பழகியிருந்தால் கால் எப்படியாவது சமாளித்துவிடும். பத்து விதச் சுழற்சி தெரிந்தும் தாளம் பிடிபடாதவரோடு ஆட அந்த ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். விசா, விமானம், ஓட்டல் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. ஒரே ஒரு இரவு, அதை எப்படி உருப்படியாகக் கழிப்பது என்பதுதான்.

(இலங்கை வாசகர்கள் குழம்ப வேண்டாம், இது நம்முடைய காலி இல்லை.)

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். கௌக்கா ஆற்றுப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் கரும்புத் தோட்டங்களோடு இருக்கிறது காலி. ‘உலகத்தின் சால்சா தலைநகர்’ என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்ட ஊர். சால்சா அங்கே பிறக்கவில்லை. கியூபாவின் ‘சோன்’ இசை, நியூயார்க்கில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் கையில் 1960, 70களில் உருமாறித்தான் சால்சா ஆனது. அந்த இசைத்தட்டுகள் பசிபிக் கரையின் புவனவெந்துரா துறைமுகத்தில் மாலுமிகளோடு வந்து இறங்கி, மலையைத் தாண்டி காலிக்குள் நுழைந்தன. வந்த இடத்தில் பாட்டின் வேகம் போதவில்லை என்று நினைத்தார்கள் போல. நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் ஓடவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேகம் கூடிவிடும், பாடகரின் குரல் கீச்சென்று ஆகிவிடும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கால்கள் பறக்க ஆரம்பித்தன. மேலுடம்பு அதிகம் அலட்டிக்கொள்ளாமல், முழங்காலுக்குக் கீழே மட்டும் புயலடிக்கும் ‘காலி பாணி’ உருவானதில் அந்த 45 சுற்றுக்கும் பங்குண்டு.

1968 டிசம்பரில் சால்சா இசைக்கலைஞர்கள் ரிச்சி ரே, பாபி குரூஸ் இருவரும் நியூயார்க்கிலிருந்து காலி திருவிழாவுக்கு வந்து வாசித்ததை அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் பேசுகிறார்கள். சால்சா ஊருக்குள் நிரந்தரமாகக் குடியேறியது அப்போதுதான் என்பது அவர்கள் கணக்கு.

1. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே: காது

தினமும் அரை மணி நேரம் சால்சா கேளுங்கள். சமைக்கும்போது, பேருந்தில் போகும்போது, எப்போது வேண்டுமானாலும். க்ரூப்போ நிச்சே குழுவின் ‘காலி பச்சாங்கேரோ’விலிருந்து தொடங்கலாம். ஹைரோ வரேலா எழுதி 1984இல் வந்தது. அந்த ஊருக்கு அதுதான் நடைமுறையில் தேசிய கீதம். இரவில் எந்தக் கிளப்பில் இருந்தாலும் ஒரு முறையாவது அது ஒலிக்கும், ஆடாமல் உட்கார்ந்திருப்பவர்களும் பாடுவார்கள். அடுத்து ஜோ அர்ரோயோவின் ‘ரெபெலியோன்’. அடிமைப்பட்ட ஓர் ஆப்பிரிக்கத் தம்பதியின் கதையைச் சொல்லும் பாட்டு, ஆனால் அதில் வரும் பியானோவுக்கு ஆடாமல் இருக்க முடியாது. மூன்றாவதாக ‘அம்பாரோ அர்ரெபாத்தோ’. காலியின் பெயர்பெற்ற நடனக்காரி ஒருவரை வைத்து ரிச்சி ரேயும் பாபி குரூஸும் போட்ட பாட்டு. காலிக்காரர்களுக்குப் பிடித்த வேகம் எது என்று இதைக் கேட்டால் தெரிந்துவிடும்.

சும்மா கேட்டால் போதாது. எட்டு எண்ணிக்கையைப் பிடிக்க வேண்டும். இங்கே நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. ‘தகதிமி தகஜொணு’ என்று சொல்லத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. த, க, தி மூன்றிலும் காலடி விழும், ‘மி’யில் கால் சும்மா இருக்கும். மறுபடி த, க, ஜொ மூன்றிலும் காலடி, ‘ணு’வில் சும்மா. சால்சாவின் அடிப்படை அடவு முழுவதும் இவ்வளவுதான். வெளிநாட்டு ஆசிரியர்கள் இதையே ஒன்று-இரண்டு-மூன்று, ஐந்து-ஆறு-ஏழு என்று சொல்லித்தருவார்கள். நான்கையும் எட்டையும் வாயால் சொல்லாமல் விடுவதால், புதிதாகக் கற்பவர்கள் அந்த இடைவெளியை முழுங்கிவிட்டு முன்னால் ஓடிவிடுகிறார்கள். ‘மி’, ‘ணு’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

சரி, பாட்டில் ‘த’ எங்கே விழுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாடகரை நம்பாதீர்கள். நம்முடைய கீர்த்தனைகளில் எடுப்பு தள்ளி விழுவது போலவே அவரும் இஷ்டத்துக்குத் தள்ளித்தான் எடுப்பார். காங்கா என்ற உயரமான தோல் மேளத்தைக் கவனியுங்கள். அது ‘டும்டும்’ என்று திறந்த ஓசையில் இரட்டை அடி அடிக்கும் இடம்தான் ‘மி’யும் ‘ணு’வும். அந்த இரட்டை அடி முடிந்த அடுத்த கணத்தில் கால் விழ வேண்டும். பாட்டின் இரண்டாம் பாதியில், பாடகரும் கோரஸும் மாறி மாறிப் பாட ஆரம்பிக்கும்போது, போங்கோ என்ற சின்ன இரட்டை மேளத்தை வாசிப்பவர் அதைக் கீழே வைத்துவிட்டு ஒரு கைமணியை எடுப்பார். மாட்டுக்குக் கட்டும் மணி மாதிரி, ஆனால் நாக்கு இல்லாதது. அதன் கனத்த அடிகள் 1, 3, 5, 7இல் விழும். காங்கா காதில் சிக்காதவர்கள் கூட இந்த மணியைப் பிடித்துக்கொண்டு கரை ஏறிவிடலாம்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே, எந்தப் பாட்டைப் போட்டாலும் பத்து நொடிக்குள் ‘த’வைத் தட்டிக் காட்ட முடிகிறதா? முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம். முடியவில்லையென்றால் இன்னும் ஒரு வாரம் கேளுங்கள். கால் பயிற்சியை அவசரப்பட்டு ஆரம்பிப்பதில் லாபம் எதுவும் இல்லை.

2. கால்

ஜோடியில் ஆட்டத்தை நடத்துபவருக்கு: த - இடது கால் முன்னே. க - வலது கால் இருந்த இடத்திலேயே ஓர் அழுத்தம். தி - இடது கால் பழைய இடத்துக்கு. மி - சும்மா. த - வலது கால் பின்னே. க - இடது கால் இருந்த இடத்தில். ஜொ - வலது கால் பழைய இடத்துக்கு. ணு - சும்மா. அவரைப் பின்பற்றி ஆடுபவர் இதையே கண்ணாடியில் தெரிவது போல, வலது காலைப் பின்னே வைத்துத் தொடங்க வேண்டும். இதுதான் உலகம் முழுக்க வகுப்புகளில் சொல்லித்தரும் அடிப்படை.

காலிக்காரர்கள் முன்னே போவதைக் குறைத்துக்கொண்டு, இடது, வலது என்று மாறி மாறிக் குறுக்காகப் பின்னால் வைத்து ஆடுவதை அதிகம் பார்க்கலாம். இடது கால் வலது காலுக்குப் பின்னால் போய் வரும், அப்புறம் வலது கால் இடதுக்குப் பின்னால். சும்மா இருக்க வேண்டிய ‘மி’யிலும் ‘ணு’விலும் நுனிக்காலால் ஒரு தட்டோ, சின்ன உதையோ கொடுப்பார்கள். ஆட்டத்தின் குறும்பு அந்தத் தட்டில்தான் இருக்கிறது. ஆனால் அதை முதல் நாளே முயற்சி செய்ய வேண்டாம். அடியைச் சின்னதாக வையுங்கள், ஒரு பாதத்தின் நீளத்துக்கு மேல் கால் போக வேண்டாம். பாட்டு நிமிடத்துக்கு 180, 200 தட்டு வேகத்தில் ஓடும்போது அகலக் கால் வைப்பவர் திரும்பி வர நேரம் இருக்காது.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு வகுப்பு எடுத்துக்கொள்வது நல்லது. காலியில் சால்சா பள்ளிகளுக்குப் பஞ்சமே இல்லை. தனி வகுப்பு, குழு வகுப்பு இரண்டும் கிடைக்கும். நான் தனி வகுப்பைத்தான் சொல்வேன். குழு வகுப்பில் நம்மைப் போன்ற இன்னொரு வெளிநாட்டவரின் கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் சேர்ந்து தடுமாறுவோம். தனி வகுப்பில் சரியாக ஆடும் ஓர் உடம்பு எப்படி இழுக்கிறது, எங்கே காத்திருக்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “இன்றிரவு கிளப்புக்குப் போகிறேன். அடிப்படை அடவும் ஒரே ஒரு சுழற்சியும் போதும்.” இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு வித்தை காட்டுவார்கள், இரவு ஒன்றும் ஞாபகம் இருக்காது.

3. எந்த நாள், எந்த இடம்

வெள்ளி, சனிக்கிழமைகளில் எல்லா இடமும் நிரம்பி வழியும். முதல் முறைக்கு வியாழன் பொருத்தமாக இருக்கும். கூட்டம் இருக்கும், ஆனால் தரையில் இடமும் இருக்கும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: 1983இல் வந்த ஒரு சட்டப்படி கொலம்பியாவில் பல அரசு விடுமுறைகள் அடுத்த திங்கட்கிழமைக்கு நகர்ந்துவிடும். அப்படிப்பட்ட திங்களுக்கு முந்தைய ஞாயிறு இரவு, சனிக்கிழமையைப் போலவே களைகட்டும். தேர்தல் நடக்கும் வார இறுதியில் நிலைமை தலைகீழ். மது விற்பனைக்குத் தடை இருக்கும், ஊரே அடங்கிவிடும். நாட்காட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இடங்களில் முதலாவது, ஐந்தாம் தெருவில் இருக்கும் ‘லா தோபா தோலோந்த்ரா’. உள்ளூர்க்காரர்களும் பயணிகளும் கலந்து வருவார்கள். நம்மைப் போன்றவர்களைப் பார்த்துப் பழகிய கூட்டம் என்பதால் கூச்சம் சீக்கிரம் போய்விடும். முதல் இரவுக்கு நான் சொல்வது இதைத்தான். இதே தெருவில் சற்றுத் தள்ளி ‘தின் தின் தேயோ’ இருக்கிறது. 1980களிலிருந்து நடக்கும் பழைய இடம், இசைப் பித்தர்கள் கூடும் இடம். ஊருக்குள் ஓடும் காலி ஆற்றுக்கு வடக்கே ‘சாப்பெரோக்கோ’. சின்ன இடம், புழுக்கம் அதிகம், ஆடுகிறவர்கள் கைதேர்ந்தவர்கள். பார்க்க அருமை, ஆட இரண்டாவது, மூன்றாவது இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். எந்த நாளில் எது திறந்திருக்கும், நேரடி இசைக்குழு எப்போது என்பதெல்லாம் அடிக்கடி மாறும். அன்றைக்கே அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்ரேரோ என்ற பழைய தொழிலாளர் பேட்டைதான் காலி சால்சாவின் அடிமண். இசைத்தட்டு சேகரிப்பவர்களின் சின்னச் சின்ன மதுக்கடைகள் அங்கே உண்டு. இரவில் போவதானால் ஊர்க்காரர் ஒருவரோடு, டாக்சியில் மட்டும். கௌக்கா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வரும் ஹுவான்சிட்டோவைப் பற்றிப் பாட்டுகளில் நிறையக் கேட்பீர்கள். ஒரு காலத்தில் விடிய விடிய ஆட்டம் நடந்த இடம். இப்போது அந்தப் பழைய பவுசு இல்லை. பாட்டில் வருகிறதே என்று தனியாகக் கிளம்பிவிட வேண்டாம்.

‘தெலிரியோ’ என்று ஒரு பெரிய மேடை நிகழ்ச்சி இருக்கிறது. சர்க்கஸும் சால்சாவும் கலந்தது. டிக்கெட் கிடைத்தால் பாருங்கள், ஆனால் அதைப் பார்த்துவிட்டு “இப்படியா ஆட வேண்டும்?” என்று பயப்படாதீர்கள். அது மேடைக்கானது. கிளப்பில் யாரும் யாரையும் தலைக்கு மேலே தூக்கிப் போடுவதில்லை.

4. மாலை

பிற்பகலில் ஒரு தூக்கம் போடுங்கள். இரவு பத்து மணிக்கு முன் கிளப்பில் ஆள் சேராது, சூடு பிடிக்கப் பதினொன்று ஆகும், மூடுவது பொதுவாக விடிகாலை மூன்று மணிவாக்கில்.

நான்கு, ஐந்து மணிக்கு மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று இறங்கும். பகல் முழுக்கக் காய்ந்த ஊர் அப்போதுதான் வெளியே வந்து மூச்சு விடும். சான் அந்தோனியோ குன்றுப் பூங்காவில் போய் உட்கார்ந்தால் அந்தக் காற்று முழுசாகக் கிடைக்கும். இருட்டுவதற்குள் ஹைரோ வரேலா சதுக்கத்தையும் பார்த்துவிடலாம். ‘காலி பச்சாங்கேரோ’வை எழுதியவரின் நினைவாக அங்கே ராட்சத ட்ரம்பெட் சிற்பம் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

சாப்பாடு வயிற்றை நிரப்பாததாக இருக்கட்டும். முட்டை சேர்த்துக்கொள்ளும் சைவக்காரர்களுக்கு ‘பான்தேபோனோ’ கைகொடுக்கும். பாலாடைக்கட்டி, மரவள்ளி மாவு, சோள மாவு சேர்த்துச் சுடும் சின்ன பன், சூடாகச் சாப்பிட வேண்டும். சோமாசி மாதிரி இருக்கும் எம்பனாதா பெரும்பாலும் உள்ளே இறைச்சியோடுதான் வரும், கேட்டு வாங்குங்கள். தெருவில் பெண்கள் கூடையில் வைத்து விற்கும் ஆரஞ்சு நிறப் பனைப்பழம் ‘சொந்தாதூரோ’. வேகவைத்து, உப்பும் தேனும் போட்டுத் தருவார்கள். மாவு மாதிரி நெஞ்சை அடைக்கும், எனக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ‘லுலாதா’ குடிக்காமல் வராதீர்கள். லுலோ என்ற புளிப்புப் பழத்தை மசித்து, எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ் போட்டது.

உடுப்பு விஷயத்தில் காலிக்காரர்கள் வெளிநாட்டவரைவிட ஒரு படி மேலே. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் போட்டுப் போய் நிற்காதீர்கள். லேசான பருத்திச் சட்டை, வழவழப்பான அடியுள்ள மூடிய காலணி. ரப்பர் பிடிப்புள்ள ஓட்டக் காலணியில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், சுழலும்போது முழங்கால் திருகிக்கொள்ளும். இன்னொரு சட்டையும் ஒரு கைக்குட்டையும் பையில் இருக்கட்டும். டியோடரண்ட் கட்டாயம், சென்ட் கொஞ்சமாக. அடுத்தவர் மூக்கு உங்கள் தோளருகே மூன்று, நான்கு நிமிடம் இருக்கப்போகிறது.

பாஸ்போர்ட் ஓட்டலிலேயே இருக்கட்டும், நகல் போதும். அன்றைய செலவுக்கான பணம், ஒரு கார்டு, போன். அவ்வளவுதான்.

5. உள்ளே நுழைந்ததும்

வாசலில் நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள். சில இடங்களில் அந்தத் தொகையை உள்ளே குடிக்கும் பானத்தில் கழித்துக்கொள்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் குழுவாக வந்து மேசை பிடித்து, சோம்பு வாசனை தூக்கும் ‘அகுவார்தியெந்தே’ ஒரு பாட்டில் வாங்கி நடுவில் வைத்துக்கொள்வார்கள். சின்னக் கோப்பைகளில் எல்லோருக்கும் ஊற்றி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மேலே தண்ணீர். குடிக்காதவர்கள் தண்ணீரோ சோடாவோ வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. நன்றாக ஆடுகிறவர்களில் பலர் இரவு முழுக்கத் தண்ணீர்தான். பில்லில் 10 சதவீதம் டிப்ஸ் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். கட்டாயமில்லை, ஆனால் கொடுப்பதுதான் வழக்கம்.

முதல் அரை மணி நேரம் ஆடாதீர்கள். தரை எந்தப் பக்கம் நெரிசலாக இருக்கிறது, யார் எல்லோரோடும் ஆடுகிறார்கள், யார் தங்கள் குழுவை விட்டு நகர்வதே இல்லை என்று பாருங்கள். பாட்டைப் போடுபவர் மீதும் ஒரு கண் இருக்கட்டும். வரிசையாக வேகமான பாட்டுகளைப் போட்டுவிட்டு, எல்லோரையும் இளைப்பாற விட ஒரு நிதானமான பாட்டைப் போடுவார். அதுதான் உங்களுக்கான பாட்டு.

சுற்றி உட்கார்ந்திருப்பவர்களையும் கவனியுங்கள். ஓர் இரவு எனக்குப் பக்கத்து மேசையில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த கைமணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாட்டின் முதல் பாதி முழுக்க அதைத் தொடவே இல்லை. கோரஸ் தொடங்கிய அதே தட்டில் குச்சி மணிமேல் விழுந்தது, பாட்டு முடியும்வரை ஓர் அடி கூடப் பிசகவில்லை. முடிந்ததும் மறுபடி கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டார். நடனத்துக்கு அவர் எழுந்திருக்கவே இல்லை. சொந்த மணியோ, மராக்காஸ் என்ற கிலுகிலுப்பையோ கொண்டுவந்து பாட்டோடு சேர்ந்து தட்டுவது காலியில் ஒரு பழக்கம். அப்படி ஒருவர் பக்கத்தில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். தாளம் தொலைந்தால் அவர் கையைப் பார்த்தால் போதும்.

6. கேட்பதும் மறுப்பதும்

நமக்கு இருக்கும் பெரிய தயக்கம் இதுதான். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் எப்படிக் கை நீட்டுவது? அந்த ஊரில் அது பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியா என்று கேட்பதற்குச் சமம். “பைலாமோஸ்?” என்றால் “ஆடலாமா?”. கொஞ்சம் மரியாதையாகக் கேட்க “கியேரே பைலார்?”. கையை உள்ளங்கை மேலே பார்க்க நீட்டி, சிரித்தபடி கேட்டால் போதும். தூரத்திலிருந்து கையசைத்துக் கூப்பிடக் கூடாது, பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும். தோளைத் தட்டி இழுப்பது கூடவே கூடாது.

ஒரு பெண் ஆணோடு உட்கார்ந்திருந்தால், மேசையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு, அந்த ஆணைப் பார்த்தும் லேசாகத் தலையசைத்துவிட்டுக் கேளுங்கள். ஜோடிகள் தங்களுக்குள் மட்டுமே ஆடுகிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள். பெண்கள் ஆண்களைக் கேட்பதும் சாதாரணம். நம் ஊர்ப் பெண்கள் யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தால் பாதி இரவு போய்விடும்.

“நோ, கிரேசியாஸ்” என்று பதில் வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். காரணம் கேட்கக் கூடாது. காலில் கொப்புளமாக இருக்கலாம், அந்தப் பாட்டு பிடிக்காமல் இருக்கலாம். நீங்களும் அதே இரண்டு சொல்லில் மறுக்கலாம், விளக்கம் தர வேண்டியதில்லை. ஆனால் ஒருவரிடம் களைப்பாக இருக்கிறது என்று மறுத்துவிட்டு அதே பாட்டுக்கு இன்னொருவரோடு எழுந்தால் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு முகம் சுளிக்கும்.

எழுந்ததும் சொல்லிவிட வேண்டிய ஒரு வாக்கியம்: “எஸ்தோய் அப்ரென்தியெந்தோ.” கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார், அநேகமாகச் சந்தோஷமும் படுவார். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு தந்திரம் சொல்கிறேன். முதல் ஆட்டத்துக்கு நாற்பது, ஐம்பது வயதுக்காரரைக் கேளுங்கள். இளவட்டங்களுக்கு வேகம் முக்கியம். மூத்தவர்கள் தாளத்தைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்று. காலியில் கடைக்காரர், பணிப்பெண், டாக்சிக்காரர் எல்லோரும் “மி ஆமோர்” என்று கூப்பிடுவார்கள். நேர்ப் பொருள் ‘என் அன்பே’தான். நம்மூர்க் கடையில் “சொல்லுங்க தம்பி” என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆட்டத்தின் நெருக்கமும் அப்படியே. பாட்டு முடிந்ததும் முடிந்துவிடும். அதை வேறு அழைப்பாக எடுத்துக்கொள்கிற பயணிகளால்தான் பல மேசைகளில் சங்கடம் வருகிறது.

7. தரையில்

நடத்துபவரின் வலது கை எதிரில் இருப்பவரின் இடது தோள்பட்டை எலும்பின் மேல் இருக்க வேண்டும். இடுப்பில் இல்லை, முதுகின் கீழே இல்லவே இல்லை. இடது கையால் அவர் கையை லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டைவிரலால் அழுத்தாதீர்கள். எவ்வளவு நெருக்கம் என்பதை எதிரில் இருப்பவர் தீர்மானிக்கட்டும்.

பாட்டு தொடங்கியதும் உடனே அடியெடுத்து வைக்க அவசரப்படாதீர்கள். இரண்டு ‘தகதிமி தகஜொணு’ சும்மா அசைந்துகொண்டு நில்லுங்கள், காங்காவின் இரட்டை அடி காதில் விழட்டும், அப்புறம் தொடங்குங்கள். ஆட்டத்தை நடத்துகிறவர் அடிப்படை அடவிலேயே பாட்டின் முக்கால்வாசியைக் கழிக்கலாம், தவறே இல்லை. கோரஸ் வரும்போது கற்ற அந்த ஒரே சுழற்சியை ஒருமுறை, கொஞ்சம் கழித்து இன்னொருமுறை. காலிக்காரர்களே அதிகம் சுற்றுவதில்லை, அவர்கள் ரசிப்பது காலைத்தான். பின்பற்றி ஆடுகிறவர் அடுத்து என்ன வரும் என்று ஊகித்து முன்னே ஓடாமல் இருந்தாலே போதும். ஒரு அடி தவறினால் நின்று மன்னிப்புக் கேட்டு விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். சிரித்துவிட்டு அடுத்த ‘த’வில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கீழே பார்க்காதீர்கள். குனிந்தால் இரண்டு பேருடைய சமநிலையும் போய்விடும், பின்னால் யார் வருகிறார் என்பதும் தெரியாது. இடித்துவிட்டால் “பெர்தோன்” என்று சொல்லித் தோளில் லேசாகக் கை வைத்துவிட்டுத் தொடருங்கள். நெரிசலில் கையை அகல விரிக்காதீர்கள், முழங்கை யாருடைய மூக்கிலாவது போய் நிற்கும்.

நடுநடுவே வேறு நடன வகைகளான பச்சாத்தா, மெரெங்கே, சில நேரம் மெதுவான பொலேரோ வரும். மெரெங்கே புதியவர்களுக்கு வரப்பிரசாதம்: இடது, வலது, இடது, வலது என்று நடந்தாலே ஆட்டம். பொலேரோவுக்கு ஜோடிகள் நெருங்கி ஆடுவார்கள், அது வந்தால் நாம் தண்ணீர் குடிக்கப் போய்விடலாம்.

பாட்டு முடிந்ததும் “கிரேசியாஸ்” சொல்லி, ஆடியவரை அவர் மேசை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது வழக்கம். நடுத்தரையில் அப்படியே விட்டுவிட்டு வந்தால் அது மரியாதைக் குறைவு. அடுத்த பாட்டுக்கும் சேர்ந்து ஆட இருவருக்கும் விருப்பம் இருந்தால் கையை விடாமல் நின்றாலே புரிந்துவிடும். மூன்றாவதுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

8. பத்திரம்

இதைச் சுருக்கமாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். தெரியாதவர் தரும் பானம், சிகரெட், சூயிங்கம் எதையும் வாங்க வேண்டாம். ஸ்கோபலமைன் என்ற மருந்தைக் கலந்து கொடுத்து, நினைவு தப்பியவர்களிடம் கொள்ளையடிப்பது கொலம்பியாவில் உண்மையாகவே நடக்கிறது. ஆடப் போகும்போது கோப்பையை மேசையில் விட்டுவிட்டுப் போனால், திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள். டேட்டிங் செயலியில் அறிமுகமானவரை முதல் முறை அறைக்கு அழைத்துவருவது இந்த நாட்டில் கூடவே கூடாத காரியம்.

போனைப் பின்பாக்கெட்டில் வைத்து ஆடாதீர்கள். வாசலில் நின்று போனைப் பார்த்தபடி டாக்சிக்குக் காத்திருக்காதீர்கள். உள்ளேயே இருந்து செயலியில் வண்டியை அழைத்து, வந்துவிட்டது என்று தெரிந்ததும் எண்ணைச் சரிபார்த்து ஏறுங்கள். தங்கும் இடம் பத்து நிமிட நடைதான் என்றாலும் விடிகாலையில் நடக்க வேண்டாம். தனியாகப் போகும் பெண்கள், விடுதியில் இருக்கும் வேறு பெண்களோடு அல்லது பகலில் வகுப்பெடுத்த பள்ளியின் குழுவோடு சேர்ந்து போவது வசதி. பல பள்ளிகள் மாணவர்களை இரவில் கூட்டிக்கொண்டு போவது வழக்கம்தான். ஆட்டத்தில் யாராவது எல்லை மீறினால், பாட்டின் நடுவிலேயே கையை விட்டுவிட்டு நடந்துவிடுங்கள். சுற்றியிருப்பவர்கள் உங்கள் பக்கம்தான் நிற்பார்கள். அவசர உதவிக்கு எண் 123.

9. ஞாயிறு பிற்பகல் மிச்சம் இருந்தால்

முதல் இரவில் கூச்சம் போகாதவர்களுக்கும், கூட்டம் பிடிக்காதவர்களுக்கும் ‘வியேஹோதேக்கா’ இருக்கிறது. 1990களில் காலியில் பரவிய, மூத்தவர்களுக்கான பகல்நேர நடனக் கூட்டம் அது. பெரும்பாலும் ஞாயிறு பிற்பகலில் நடக்கும். ஒரு காலத்தில் வேகத்தைக் கூட்டி ஓடவிட்ட அதே பழைய பச்சாங்கா, பூகாலூ வகை ஆட்டப் பாட்டுகளைத்தான் போடுவார்கள். எழுபது வயதுக்காரர்கள் வெள்ளைக் காலணியும் மடிப்புக் கலையாத கால்சட்டையுமாக வந்து ஆடுவார்கள். இளைஞர்களுக்கும் அனுமதி உண்டு. எந்த மண்டபத்தில் இந்த வாரம் நடக்கிறது என்று வகுப்பெடுத்த ஆசிரியரைக் கேட்டால் சொல்லிவிடுவார். இங்கே அடவு தவறினால் வாயால் திருத்த மாட்டார்கள், கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த தட்டு வரை உங்களை நகரவிடாமல் நிறுத்திவைப்பார்கள். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம், அதுவும் இலவசமாக.

டிசம்பரில் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். காலி திருவிழா ஆண்டுதோறும் டிசம்பர் 25 முதல் 30 வரை நடக்கும். முதல் நாள் ‘சால்சோத்ரோமோ’ ஊர்வலம், நூற்றுக்கணக்கான நடனக்காரர்கள் சாலையில் ஆடிக்கொண்டே போவார்கள். பார்ப்பதற்கு அதற்கு ஈடில்லை. ஆடுவதற்கு அது மோசமான வாரம்: அறை வாடகை எகிறிவிடும், கிளப்பில் கால் வைக்க இடம் இருக்காது, வகுப்பெடுக்கும் ஆசிரியர்களே ஊர்வலத்தில் ஆடப் போய்விடுவார்கள். ஆடத்தான் போகிறீர்கள் என்றால் பிப்ரவரியிலோ செப்டம்பரிலோ சாதாரணமான ஒரு வியாழக்கிழமையைப் பாருங்கள்.